பவர் போவதற்கு முன்னால்

மகேஷ், ரேவதி,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒன்றாக வந்தீர்கள். ரேவதி முதலில் பேசினாள். அவள் வேலை செய்யும் இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டில் ஒரு படிவம் பார்த்தாளாம். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்று பெயராம். நல்ல நினைவோடு இருக்கும்போதே, என் பணம் காசு, வீடு வாசல் விவகாரத்தை இன்னார் பார்க்கட்டும் என்று எழுதிப் பதிவு செய்துவிட்டால், பிறகு நினைவு தவறிப்போனாலும் அது செல்லுமாம். "அப்பா, நீங்களும் இப்படி ஒண்ணு எழுதி வச்சிருங்க" என்றாள். உடனே மகேஷ், கம்பெனியில் தன்னோடு வேலை செய்பவரின் அப்பாவுக்கு மறதி நோய் வந்து, பேங்கில் அவர் பெயரில் இருப்பதைத் தொட முடியாமல் குடும்பம் அல்லாடுகிற கதையைச் சொன்னான். "நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பவர் எழுதினவரு நீங்க. உங்களுக்கு நாங்க சொல்லணுமாப்பா?" என்று கேட்டான்.

நான் பார்க்கலாம் என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். அம்மாவும் கேட்டாள், "புள்ளைங்க நல்லதுக்குத்தான சொல்லுதுங்க, நீங்க ஏன் மூஞ்சத் தூக்கி வச்சுகினீங்க?" என்று. உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பவர் என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஒருவர் முகம் வந்துவிடும். அவரைப் பற்றி நான் வீட்டில் பேசியதில்லை. போனில் சொல்லக்கூடிய கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பத்திரம் எழுதித்தான் பழக்கம், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. நாலு எல்லை சொல்வது போல நேராகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும். சாமல்பட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பத்தாவது முடித்தேன், தட்டச்சில் லோயர் முடித்தேன், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதை வைத்து நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எடுக்கச் சேர்ந்தேன். பிறகு எனக்கே உரிமம் கிடைத்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை பிடித்து, வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில், பவர் என்று எழுதியே உங்களை வளர்த்தேன். நிலத்துக்கு விலை ஏறாத காலத்தில் நாளுக்கு ஒரு பத்திரம் வந்தாலே பெரிது. தொழிற்சாலைகள் வரிசையாக வந்த பிறகு மூச்சுவிட நேரமில்லை.

ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும் ஒரு வரி வரும். மேற்படி வாசகத்தை வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, சுயபுத்தியுடனும் முழு சம்மதத்துடனும் எழுதிக் கொடுத்தது என்று. அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ. குழம்பு கொதித்ததும் கை தன்னையறியாமல் உப்புப் போடுவது போல எழுதுவேன். வாசித்துக் காட்டவும் செய்வேன். ஆனால் நம் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதியில் பாதி கன்னடம். பத்திரமோ தமிழில், அதுவும் யாரும் வாயால் பேசாத தமிழில். நான் வேகமாக வாசிப்பேன், அவர்கள் வேகமாகத் தலையாட்டுவார்கள். அதற்குப் பெயர் வாசித்துக் காட்டியது.

இதைக் கேள்வி கேட்டவர் ஒரு சார்பதிவாளர் மேடம்தான். நான் இந்த வேலையில் முப்பது வருஷம் கழித்துவிட்ட பிறகு மாறுதலில் வந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அரசாங்க ஊழியன் இல்லை, ஆனாலும் உரிமம் அவர் கையில் என்பதால் எனக்கு அவர்தான் மேலதிகாரி. என்னை அண்ணாச்சி என்பார். முதல் தடவை கூப்பிட்டபோது மளிகைக்கடைக்காரர் யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் வேலை செய்யும் முறை இப்படி. எழுதிக் கொடுப்பவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவர் மேசைக்குப் பக்கவாட்டில் இருக்கும். எதிரே போட மாட்டார். எதிரே போட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி பயப்படுவார்கள் என்பார். எழுதி வாங்குபவர், சாட்சி, சொந்தக்காரர் எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார். பத்திர எழுத்தர் நிலைப்படி வரைக்கும் வரலாம். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். உங்க பேர் என்ன. வெளியே நிற்கிறவர் உங்களுக்கு என்ன முறை. இன்னைக்கு என்ன எழுதிக் குடுக்க வந்திருக்கீங்க. அவ்வளவுதான். ஆனால் பதில் வரும் வரைக்கும் காத்திருப்பார். ஒரு தடவை ஒரு மருமகன் வெளியில் இருந்தே மாமியாருக்காகப் பதில் சொன்னபோது, "கேள்வி உங்களுக்கில்ல. எதிர்த்த கடையில டீ நல்லாருக்கும், போயி ஒண்ணு குடிச்சிட்டு வாங்க" என்றார். அந்த ஆள் உண்மையாகவே போய்க் குடித்துவிட்டு வந்தான்.

வந்த ஒரு மாதத்தில் என்னைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது கேள்வியைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எப்படிக் கேட்பது என்று எழுதித் தரச் சொன்னார். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏமி ராசிச்சேக்கி ஒச்சினாரு, ஏனு பர்து கொடக்கே பந்திதீரா. அந்தத் துண்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். திருநெல்வேலி ராகத்தில் அவர் அதைக் கேட்கும்போது வெளியில் நிற்கிற நாங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரிப்போம். ஒரு பாட்டியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ தமிழ்லயே கேளும்மா, எனக்கு அதான் புரியும்" என்றது. மேடமும் சிரித்தார். ஆனால் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

இவ்வளவு செய்வதால் வேலை தாமதமாகும். எங்களுக்கு அது கடுப்பு. என்னய்யா இது, நிச்சயதார்த்தத்தில் பொண்ணைக் கேட்பது மாதிரி கேட்கிறாரே என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று நல்ல முகூர்த்த நாள். கூடுதலாக டோக்கன் கொடுத்திருந்தார்கள். என் மேசையைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். கடும் கோடை வேறு, நாளுக்கு நாலைந்து தடவை கரண்ட் போகும், போனால் உள்ளே கம்ப்யூட்டர் நின்றுவிடும். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் திம்மராயப்பா. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கூட யாரும் இல்லை. கூட்டத்தை இடிக்காமல் ஓரமாக அரை மணி நேரம் நின்றார். நான் என்ன வேண்டும் என்று கேட்டதும் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பவர் போயே முந்தே ராயால, சாமி."

பவர் போவதற்கு முன்னால் எழுத வேண்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கையைத் தலைக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினார். நான் தலைக்கு மேலே பார்த்தேன். எங்கள் மேசைக்கு மேலே கரண்ட் லைன் போகிறது. சரி, தோட்டத்து மோட்டாருக்கு இணைப்புக் கேட்டு விண்ணப்பம் எழுத வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். அப்படியும் ஆட்கள் எங்களிடம் வருவார்கள். மின்சார ஆபீசுக்கு மனு, தாலுகா ஆபீசுக்கு மனு எல்லாம் நாங்கள்தான் எழுதுவோம். அன்று எனக்கு நேரமில்லை. ஒரு துண்டுத் தாள் எடுத்து, சிட்டா நகல், கிணறு இருப்பதற்கு வி.ஏ.ஓ. சான்று, ஆதார், போட்டோ இரண்டு, மோட்டார் வாங்கிய ரசீது என்று வரிசையாக எழுதி, மேலே மின்சார அலுவலகம் என்று போட்டுக் கொடுத்தேன். இதையெல்லாம் எடுத்துகினு ஈபி ஆபீசுக்குப் போங்க தாத்தா, இங்க இல்ல என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நன்றி போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆபீசுக்குப் போ, இந்த ஆபீசுக்குப் போ என்று அனுப்பி அனுப்பிப் பழகிய ஜனம் நம் ஜனம். திரும்பக் கேட்காது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அவரை மறந்தும் விட்டேன்.

எட்டு ஒன்பது மாதம் கழிந்திருக்கும். ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். பெயர் நாகவேணி, முப்பத்தைந்து வயது இருக்கும். ஓசூர் ரோட்டில் செல்போன் பாகம் பொருத்தும் கம்பெனியில் லைன் வேலை. புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை, அப்பாவோடு இருக்கிறாள். அண்ணன் ஒருவன் பெங்களூர்ப் பக்கம் போனவன், போனை எடுப்பதில்லை. அப்பாவுக்கு ஒரு வருஷமாகவே மறதி, இப்போது முற்றிவிட்டது. இவள் ஷிஃப்டுக்குப் போனதும் அவர் கதவைத் திறந்துகொண்டு போய் நெடுஞ்சாலையில் நின்றுவிடுகிறாராம். ஒரு தடவை லாரி டிரைவர் ஒருவர் இறங்கிக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாராம். தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலத்துக்கு வந்த பணம் பேங்கில் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. அதைத் தொட முடிந்தால் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைக்கலாம், வைத்தியம் பார்க்கலாம். முடியாவிட்டால் இவள் வேலையை விட வேண்டும், விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. அப்பாவுக்கு அவருடைய பணம் உதவுமா உதவாதா, அதுதான் விஷயம். பேங்கில் அப்பாவிடம் பவர் வாங்கி வா என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கேட்டேன், அவர் நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் யோசிக்கக் கூடாதா என்று. கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

அவள் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அவரு வந்தாருங்க சார். உங்ககிட்டதான் வந்தாரு. நீங்கதான் இத எழுதிக் குடுத்தீங்க."

மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே மின்சார அலுவலகம் என்று என் அச்சுக் கையெழுத்து. கிணறு இருப்பதற்கு வி.ஏ.ஓ. சான்று.

அப்போதுதான் அவர் தூக்கிக் காட்டிய கை என் கண்முன் வந்தது. அவர் லைனைக் காட்டவில்லை. தலையைக் காட்டியிருக்கிறார். நினைவு போவதற்கு முன்னால் மகளுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று தெளிவாக, சரியான இடத்துக்கு, தானாக வந்திருக்கிறார். பவர் என்ற ஒரு சொல்லில் கரண்டும் இருக்கிறது, அதிகாரப் பத்திரமும் இருக்கிறது, அவருடைய சக்தியும் இருக்கிறது. மூன்றில் எது என்று நான் கேட்கவில்லை.

"மின்சார ஆபீசுல போயி பவர் எழுதணும்னு நின்னிருக்காரு. அங்க சிரிச்சிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து சொன்னாரு" என்றாள் நாகவேணி. தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே, "நானும் சிரிச்சேன் சார்" என்றாள்.

அவளிடம் என் தப்பை அன்றே சொன்னேன். இப்ப எழுதிக் குடுங்க என்றாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை உங்களிடம் மறைக்க முடியாது. மூளை கலங்கிய ஆளிடம் பவர் எழுதி வாங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் எனக்குத் தப்பைச் சரி செய்துவிட வேண்டும் என்ற வெறி. பெண் நல்ல பெண், பெரியவரின் எண்ணமும் அதுதான், எனக்கே தெரியும், பிறகென்ன என்று மனதுக்குள் ஒரு வக்கீலை நிறுத்திக்கொண்டேன். அவருக்குக் காலையில் கொஞ்சம் தெளிவு இருக்கும் என்றாள். காலை முதல் டோக்கன் போட்டேன். பொது அதிகாரப் பத்திரம் தயார் செய்தேன். பேங்க் கணக்கை நடத்த, வைப்புத்தொகையை எடுக்க, வீட்டைப் பராமரிக்க என்று ஒவ்வொரு அதிகாரமாக எழுதினேன். கடைசியில் சுயபுத்தியுடனும் முழு சம்மதத்துடனும் என்று அந்த வரியையும் எழுதினேன். அன்றைக்கு அந்த வரி கைக்குத் தானாக வரவில்லை. நின்று, யோசித்து, எழுதினேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு வெளியே புங்க மரத்தடியில் பெரியவரை உட்கார வைத்தேன். மேடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியுமே. கேள்வியை எழுதிக் கொடுத்தவனே நான்தானே. உள்ளே ஆபீசரம்மா கேட்டால், மா பிட்டகி பவர் இஸ்தாண்ட, என் மகளுக்குப் பவர் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை நான் கேட்காமலேயே சொன்னார். நாகவேணி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

மேடம் வழக்கம் போல எல்லோரையும் வெளியே நிறுத்தினார். நான் நிலைப்படியில். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெயர் கேட்டார், பெரியவர் சரியாகச் சொன்னார். வெளியே இருப்பது யார் என்று கேட்டார். மா அம்ம என்றார், எங்க அம்மா. தெலுங்கு வீடுகளில் மகளை ஆசையாக அப்படிச் சொல்வதுண்டு, அதனால் மேடம் அதை எடுத்துக்கொண்டார். மூன்றாவது கேள்வியைத் தெலுங்கில் கேட்டார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மா பிட்டகி பவர் இஸ்தாண்ட."

எனக்கு மூச்சு வந்தது. ரேகை வைக்கும் கருவியை மேடம் அவர் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய கையை அப்படியே நிறுத்தி, தமிழில் ஒன்று கேட்டார். அதுவரை யாரிடமும் கேட்காத நாலாவது கேள்வி.

"பவர் குடுத்தா உங்க மவ அத வச்சு என்னய்யா செய்வா?"

பெரியவர் சிரித்தார். அன்று காலை முழுக்க அவர் முகத்தில் வராத தெளிவு அப்போது வந்தது.

"மோட்டார் வேஸ்துந்தி. நீள்ளு ஒஸ்தாயி."

மோட்டார் போடுவாள், தண்ணி வரும்.

மேடம் நிலைப்படியைப் பார்த்தார். மின்சார அலுவலகம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அந்த மனுஷன் மாதக்கணக்கில் சட்டைப்பையில் வைத்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், நாகவேணி பிறகு சொன்னாள். தான் வந்த காரணம் மறந்துபோய், நான் எழுதியது மட்டும் நின்றிருக்கிறது. கடைசியில் என் புத்தியைத்தான் அவர் பேசினார்.

மேடம் பெரியவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொல்லிக் குடுத்தத அவரு சரியாத்தான் சொன்னாரு. நான் கேட்டதுக்குத்தான் அவருகிட்ட பதில் இல்ல."

நான் நாகவேணியைப் பற்றிச் சொன்னேன். அந்தத் துண்டுத் தாளைப் பற்றியும் சொன்னேன். என் தப்புக்கு அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்றேன். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நல்ல பிள்ளைதான். எனக்கும் தெரியுது. ஆனா நாளைக்கு இதே நாற்காலிக்கு இன்னொரு தகப்பன நல்லவனா இல்லாத ஒரு மவன் கூட்டிட்டு வருவான். அவனும் உங்கள மாதிரிதான் சொல்லிக் குடுத்திருப்பான். அன்னைக்கு நான் எத வச்சு அவனத் திருப்பி அனுப்ப?"

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாகவேணியை அவரே கூப்பிட்டு, அதே பக்கவாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, இதை இங்கே செய்ய முடியாது, கோர்ட்டில் போய் அப்பாவுக்குக் காப்பாளராக உன்னை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இலவச சட்ட உதவி இருக்கிறது என்று சொன்னார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அந்த வழி நீளமான வழி. டாக்டர்கள் பார்த்து எழுதித் தர வேண்டும், அண்ணனுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவன் வாங்காமல் திரும்ப வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் நாகவேணி கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். நான் காகிதம் எல்லாம் தயார் செய்து கூடவே போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஒரு நாள் கேட்டேன், என் மேல் கோபம் இல்லையா என்று. "கோபப்பட்டுகினே இருந்தா கேஸ் கட்ட யாரு தூக்குறது சார்" என்றாள், கட்டு என் மடியில் இருந்தது. உத்தரவு கையில் வந்த பிறகு பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்தாள். அதே கம்பெனியில் மறுபடி சேர்ந்தாள், புது ஆளாக, அடி மட்டத்தில் இருந்து. பெரியவர் அதன் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். காரியம் முடிந்து ஒரு நாள் வந்து அந்தத் துண்டுத் தாளை என் மேசையில் வைத்தாள். "இது உங்க எழுத்து, உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு பழக்கம் வைத்தேன். பவர் என்று யார் வந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்லாமல் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்பேன். சிலர் முறைப்பார்கள். சிலர் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, வேண்டாம், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோவார்கள். எனக்கு வருமானம் கொஞ்சம் குறைந்தது. அந்தக் காலத்தில்தான் மகேஷ், உன் பைக் ஒரு வருஷம் தள்ளிப் போனது. காரணம் இப்போது தெரிந்துகொள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், வக்கீலையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ரேவதி சொன்ன அந்த லாஸ்டிங் பவர் அந்த நாட்டுக்கு உண்டு. நம் நாட்டில் பவர் என்பது கொடுத்தவர் இறந்தால் முடிந்துவிடும், அவர் புத்தி தவறினாலும் முடிந்துவிடும். எப்போது அதிகம் தேவையோ அப்போது அது இருக்காது. பவரை வைத்துச் சொத்தை விற்க வந்தால் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று சான்று கேட்கிறோம். நினைவோடு இருக்கிறாரா என்று அதில் இல்லை. திம்மராயப்பா அன்று வந்தபோது நான் புரிந்துகொண்டிருந்தால்கூட வெறும் பவர் எழுதி அனுப்பியிருக்கக் கூடாது. மகள் பெயரையும் கணக்கில் சேருங்கள், வைப்புத்தொகையையும் அப்படியே மாற்றுங்கள், வீட்டை உங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையோடு மகளுக்கு எழுதிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை அது.

அங்கேயும் அந்தப் படிவத்தில், எழுதிக் கொடுப்பவரிடம் தனியாகப் பேசி, இவருக்குப் புரிந்திருக்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், ரேவதி சொன்னாள். அங்கேயும் ஒரு மேடம் இருக்கிறார் போல. நல்லது.

நான் இந்த வாரம் செய்தது இது. பேங்க் கணக்கில் அம்மா பெயரோடு மகேஷ் பெயரையும் சேர்க்க எழுதிக் கொடுத்தாயிற்று, மகேஷ் ஒரு தடவை வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகு யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும். வைப்புத்தொகையும் அப்படியே. வீட்டுக்கு உயில் எழுதிப் பதிவு செய்தேன், இரண்டு பேருக்கும் சமம், அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. மகேஷ் பெயருக்கு ஒரு பவரும் எழுதியிருக்கிறேன். நான் தெளிவாக இருக்கும்வரைதான் அது செல்லும் என்று தெரிந்தே எழுதியது.

உங்களிடம் கேட்பது ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை என்னை உட்கார வைத்து அந்த மூன்று கேள்வியையும், நாலாவதையும் கேளுங்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிடுங்கள், அவள் எனக்காகப் பதில் சொல்வாள். பதில் வரவில்லை என்றால் எனக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எவ்வளவு நல்லதுக்காக இருந்தாலும். புங்க மரத்தடியில் நான் அந்த மனுஷனுக்குச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்ய வேண்டாம். கோர்ட்டுக்குப் போங்கள். பஸ்ஸில் கேஸ் கட்டைத் தூக்க இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் போன மாதம் கடையைக் காலி செய்தேன் அல்லவா. மகேஷ் வண்டியில் மேசையை ஏற்றிக்கொண்டு முன்னால் போனான், சாவி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் நின்றேன். உண்மையில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மத்தியான வெயில். உள்ளே இரண்டு நாற்காலி மட்டும். சட்டைப்பையில் இருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தொடையில் ஒரு அட்டையை வைத்து, மேலே திம்மராயப்பா அவர்களுக்கு என்று எழுதி, கணக்கில் மகள் பெயரைச் சேர்க்கவும், வைப்புத்தொகையை மாற்றவும், வீட்டை எழுதவும் என்று வரிசையாக எழுதினேன். எழுத்து இன்னும் அச்சுப் போலத்தான் இருக்கிறது. பிறகு எதிர் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, எனக்குத் தெரிந்த தெலுங்கில், அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன்.